எடையிலி-2: நாடிச் சான்று இல்லாத ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘எடையிலி-2’ அட்டகாசமான படம். சண்டைக்காக ஒரு தடவை, பாட்டுக்காக ஒரு தடவை, தனத்துக்காக ஒரு தடவை என்று குறைந்தது மூன்று தடவையாவது பார்த்தே ஆக வேண்டும். சொல்வது யார் தெரியுமா? எடையிலி ரசிகர் மன்றம், திண்டுக்கல் கிளைத் தலைவி செண்பகவல்லி. செண்பகம் டெய்லர்ஸ் என்றால் பேருந்து நிலையத்தில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

ஆனால் ஒரு விஷயம். இந்த விமர்சனத்துக்கு நாடிச் சான்று கிடையாது. என்னை நம்புகிறவர்கள் மேலே படியுங்கள். நம்பாதவர்கள் சான்று பெற்ற விமர்சனமாகப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கொன்றும் நஷ்டமில்லை.

நாடிச் சான்று வந்த கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். முன்பெல்லாம் படம் பார்க்காமலேயே விமர்சனம் எழுதினார்கள். காசு வாங்கிக்கொண்டு தூக்கி வைத்தார்கள். எதிர்க்கட்சி ரசிகன் டைட்டில் ஓடும்போதே ‘மொக்கை’ என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். எதை நம்புவது என்று ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் நாடி கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தியேட்டர் சீட்டின் கைப்பிடியில் கையை வைத்தால் போதும், அது நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாடி எகிறினால் உங்களுக்குப் படம் பிடித்திருக்கிறது. எகிறாவிட்டால் பிடிக்கவில்லை. படம் முடிந்ததும் போனுக்குச் சான்று வந்துவிடும். சான்று இருந்தால்தான் உங்கள் கருத்து சபை ஏறும். ‘வாய் பொய் சொல்லும், நாடி சொல்லாது’ என்று ஊரெல்லாம் விளம்பரம் வேறு.

நல்ல ஏற்பாடுதான். நானும் கை தட்டியவள்தான். போன வருஷம் என் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைக்கும் வரைக்கும்.

என் இதயம் சும்மா இருக்கும்போதே தறிகெட்டு ஓடும் ரகம். டாக்டர் ஜெபமணி புது மாதிரி கருவி ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார். பழையது மாதிரி சோர்ந்தால் மட்டும் தட்டிவிடுவதில்லை, துள்ளினாலும் அடக்கிவிடுமாம். “இனிமே நீங்க ராட்டினத்துல சுத்துனாலும் எழுபத்திரண்டுதாம்மா” என்றார் சிரித்துக்கொண்டே. “ஆனா குதிக்கிறது, ஆடுறது எல்லாம் கூடவே கூடாது.”

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் ஏதோ ஒரு பேய்ப்படம் பார்க்கப் போனேன். பயத்தில் பக்கத்து சீட்டுக்காரி மடியில் ஏறி உட்காராத குறை. வெளியே வந்தால் போனில் ‘இந்தப் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று இருக்கிறது. என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல?

எடையிலி முதல் பாகம் பார்க்காதவர்கள் யாராவது இருந்தால், பாவம், அவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கிலி ஒரு வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். ஒரு விபத்துக்குப் பிறகு அவன் தொட்டதெல்லாம் எடை இழந்துவிடுகிறது. மூட்டையைத் தொட்டால் பஞ்சு, லாரியைத் தொட்டால் பலூன். தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டுதான் அவனுக்கு அடையாளம். அவன் பெண்டாட்டி தனம் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். முதல் பாகத்தின் கடைசியில் பாலம் இடிந்து தனம் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்குவாள் பாருங்கள், தமிழ்நாட்டு மொத்த நாடியும் அந்த இடத்தில்தான் உச்சத்துக்குப் போனதாம்.

வினையே அங்கேதான். அந்த உச்சத்தைப் பார்த்த நாடி கம்பெனி, ‘ஜனங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, மூன்றாம் பாகத்தில் தனத்தைக் கொன்றுவிடலாம்’ என்று யோசனை சொல்லியிருக்கிறது. இயக்குநர் பொற்செழியன் இன்னும் முடிவு எடுக்கவில்லை. இரண்டாம் பாகம் வெளியானதும் சென்னையில் கருத்துக் கூட்டம், அதற்கு ஒவ்வொரு ஊர் மன்றத் தலைவரையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு முடிவு என்று அறிவித்துவிட்டார். செய்தி கேட்டதும் நான் தீர்மானம் செய்துவிட்டேன். எப்படியாவது அந்தக் கூட்டத்துக்குப் போய் இயக்குநர் முகத்துக்கு நேராக, ‘தனத்து மேல கை வச்சீங்கன்னா நடக்கிறதே வேற’ என்று சொல்லிவிட வேண்டும்.

வெளியீட்டுக்கு முந்தின வாரம் பால்துரை கடைக்கு வந்தான். மன்றத்தின் துணைத் தலைவன், கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறவன். வாயெல்லாம் பல்லாக வருகிற பயல், அன்றைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. தலைமையில இருந்து உத்தரவு வந்துருக்கு. முதல் காட்சியில நாடிச் சான்று வாங்காதவங்க மன்றப் பொறுப்புல இருக்கக் கூடாதாம்.”

“வாங்கிட்டாப் போச்சு.”

“உங்களுக்குத்தான் எகிறாதேக்கா.”

“எகிறலைன்னா எனக்குப் படம் புடிக்கலைன்னு அர்த்தமாடா? இந்த ஊர்ல எடையிலிக்குத் துண்டு தைச்சுக் குடுத்ததே நான்தான். நீ தோள்ல போட்டிருக்கியே, அது யார் தைச்சது?”

“நான் சொல்லலைக்கா, சீட்டு சொல்லுது. டாக்டர்கிட்ட எழுதி வாங்கி அனுப்பலாமான்னு கேட்டேன். அதெல்லாம் செல்லாதுன்னுட்டாய்ங்க.” துண்டின் நுனியை முறுக்கினான். “நீங்க வேணா கவுரவத் தலைவியா இருங்க. நான் சும்மா பேருக்குத் தலைவரா இருந்துக்கிறேன்.”

“கவுரவத் தலைவின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? மாலை போடுவீங்க, மைக் குடுக்க மாட்டீங்க. சென்னைக்கு நீ போய் என்ன பேசுவ? தனம் இருக்கணுமா, சாகணுமா?”

பால்துரை கொஞ்சம் யோசித்தான். “செத்தாத்தான்க்கா மாஸு. அப்பத்தான் சங்கிலிக்கு வெறி ஏறும்.”

கையில் இருந்த இஞ்ச் டேப்பால் அவனை ஒரு சாத்து சாத்தினேன். “முதல் காட்சிக்கு நான் வர்றேன்டா. சீட்டு என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம். அதுவரைக்கும் நான்தான் தலைவி.” வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். நாடி மட்டும் எழுபத்திரண்டிலேயே இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

வெளியீட்டு நாள் காலையில் மணிமகுடம் தியேட்டர் வாசல் திருவிழாவாக இருந்தது. கட்அவுட்டுக்குப் பால், மேளம், பட்டாசு, திரும்பின பக்கமெல்லாம் நான் தைத்த சிவப்புத் துண்டு. பைகளில் கிழித்த பேப்பர் மூட்டை மூட்டையாகத் தயார். மேனேஜர் ஜமால் பாய் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாங்க தங்கச்சி. உடம்பு பரவாயில்லையா? இவரு நாடி கம்பெனியில இருந்து வந்திருக்காரு, திவாகரு. புது மெஷின் மாட்டியிருக்காக.”

இஸ்திரி கலையாத சட்டையும் கையில் ஒரு டேப்லெட்டுமாக அந்தப் பிள்ளை வணக்கம் சொன்னான்.

“படம் எவ்வளவு நேரம் தம்பி ஓடும்?” என்று கேட்டேன்.

“அதை ஹால்தான் முடிவு பண்ணும் மேடம். இந்தப் படத்துல ஒவ்வொரு சீனையும் பல விதமா எடுத்து மெஷினுக்குள்ள போட்டு வச்சிருக்காங்க. யாருக்குச் சலிப்பு தட்டுதுன்னு நாடியை வச்சுப் பாத்து, மெஷின் அடுத்த சீனை மாத்திக்கிட்டே போகும். ஒரு ஊர்ல ஓடுற மாதிரி இன்னொரு ஊர்ல ஓடாது.”

“யாராவது எந்திரிச்சுப் போயிட்டா?”

“கணக்குல இருந்து எடுத்துடும். மிச்சம் இருக்கறவங்களைப் புடிச்சு வைக்கப் பாக்கும்.”

ஜமால் பாய் தாடியைத் தடவினார். “இதை எங்க தம்பி ஓட்டிப் பாத்தீக?”

“சென்னையில, பெங்களூர்ல சார். பெரிய பெரிய மால்ல.”

“அங்க எல்லாரும் உக்காந்தா பாத்தாக?”

“படம்னா உக்காந்துதானே சார் பாப்பாங்க?” என்றான் திவாகர்.

ஜமால் பாய் என்னைப் பார்த்தார். நான் ஜமால் பாயைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதல் நாள் முதல் காட்சிக்கு திண்டுக்கல்லில் எவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்? ஆனால் அந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை.

விளக்கு அணைந்தது. டைட்டிலில் ‘எடை’ என்ற எழுத்து வந்ததுமே மொத்தத் தியேட்டரும் எழுந்துவிட்டது. பாதிப் பேர் சீட்டு மேலேயே ஏறி நின்றார்கள். சங்கிலி வருகிறான்! சரக்கு லாரியை ஒற்றை விரலில் சுழற்றிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான்! பேப்பர் மழையில் திரையே தெரியவில்லை. எனக்கும் குதிக்க வேண்டும் என்று கால் பரபரத்தது. டாக்டர் முகம் நினைவுக்கு வந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே தொண்டை கிழியக் கத்தினேன்.

சங்கிலி வந்து நின்றான். அடுத்த நிமிஷமே வானத்திலிருந்து மறுபடி வந்தான். ‘ரெண்டு என்ட்ரியா!’ என்று பயல்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அது அடங்குவதற்குள் தண்ணீருக்குள்ளிருந்து மூன்றாவது தடவையாக வந்தான். எங்கள் வரிசையில் ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். இன்னொருவன் பக்கத்தில் இருந்தவன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான்.

அப்புறம் கதை என்ற ஒன்று இருந்தது மாதிரியே தெரியவில்லை. வில்லன் பாரவேந்தன், தொட்டதையெல்லாம் கனமாக்குகிறவன், அறிமுகம் ஆவதற்கு முன்னாலேயே செத்துப்போனான். செத்தவன் அடுத்த சீனில் வந்து சிரித்தான். செத்துப்போன அம்மாவுக்காகச் சங்கிலி அழுதான், அந்த அம்மாவே பின்னாலிருந்து வந்து கண்ணைத் துடைத்துவிட்டாள். பனிமலையில் பாட்டு, பாலைவனத்தில் பாட்டு, கரும்புக்காட்டில் சண்டை, கப்பலில் சண்டை. தனம் மறுபடியும் பாலத்தில் தொங்கினாள். மொத்தத் தியேட்டரும் அலறியது.

இருட்டில் திவாகர் குனிந்து குனிந்து என்னிடம் ஓடி வந்தான். தலையெல்லாம் பேப்பர்.

“மேடம், ஹால்ல உங்களைத் தவிர யாருமே இல்லைன்னு காட்டுது!”

“இத்தனை பேரு உன் கண்ணுக்குத் தெரியலையா தம்பி?”

“எனக்குத் தெரியுது மேடம், மெஷினுக்குத் தெரியலை! எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க, கைப்பிடியில கை இல்லை. அதனால எல்லாரும் வெளியே போயிட்டாங்கன்னு நினைக்குது. மிச்சம் இருக்கற ஒரே ஆள் நீங்கதான். அதுவும் நீங்க செம சலிப்புல இருக்கீங்கன்னு நினைக்குது!”

“நானா? சலிப்பா? தம்பி, நான் சொர்க்கத்துல இருக்கேன்!”

“எழுபத்திரண்டுல இருந்து அசைய மாட்டேங்குதே மேடம். உங்களை எப்படியாவது சிரிக்க வைக்கணும், பயமுறுத்தணும்னு இருக்கற சீனையெல்லாம் எடுத்து விடுது.”

அதைக் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாருங்களேன், கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படம், ஒரே ஒரு டெய்லர்காரியைக் குஷிப்படுத்தப் படாதபாடு படுகிறது. ஜமால் பாய் மைக்கில், “எல்லாரும் தயவுசெஞ்சு உக்காருங்கப்பா” என்று கெஞ்சினார். முதல் காட்சியில் உட்காரச் சொன்ன ஒரே மேனேஜர் அவராகத்தான் இருக்கும். பதிலுக்கு அவர் பக்கமாகவும் பேப்பர் பறந்தது.

எவ்வளவு நேரம் அப்படி ஓடியதோ தெரியாது. பேப்பர் தீர்ந்தது. விசில் காற்றாகிப் போனது. பால்துரையின் தொண்டையிலிருந்து தகர டப்பாவை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. திவாகர் டேப்லெட்டைப் பார்த்து, “சண்டையெல்லாம் காலி, பாட்டும் காலி. அடியில ஏதோ ஒண்ணுதான் கெடக்கு” என்றான்.

திரையில் சத்தம் நின்றது. பின்னணி இசையும் இல்லை. ஒரு சின்ன ஓட்டு வீடு. சங்கிலி வெறும் தரையில் மல்லாந்து கிடக்கிறான். தனம் மாவு வாளியோடு உள்ளே வருகிறாள்.

“என்ன, எந்திரிக்க முடியலையா?”

“முடியலை.”

தனம் அவன் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறாள். ஒரு விரல்கூட அசையவில்லை. அப்போதுதான் நமக்குப் புரிகிறது. அவன் தொட்டதிலிருந்து போன எடையெல்லாம் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் மேலேயே ஏறிக்கொள்கிறது.

“இன்னைக்கு எவ்வளவு?”

“ரெண்டு லாரி. அப்புறம் ஒரு பாலம்.”

தனம் சிரித்துவிடுகிறாள். அவனும் சிரிக்கிறான், உதடு மட்டும்தான் அசைகிறது. அவள் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை உதறித் தரையில் விரித்து அவன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். “எறங்கற வரைக்கும் பக்கத்துல இருக்கேன்” என்கிறாள். அவ்வளவுதான் சீன். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாரோ அம்மிக்கல்லில் அரைக்கிற சத்தம் கேட்கிறது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என்னால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. என் வீட்டுக்காரர் தங்கராசுவுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரியாது. மனுஷன் ஒரு பாயைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே விரித்துப் படுத்துக்கொண்டார். கூப்பிட்டால் ‘ம்’ என்பார். நான் நடமாடுகிற வரைக்கும் அந்தப் பாயைச் சுருட்டவே இல்லை. அது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, நான் அழுதுவிட்டேன். கண்ணீர் கைப்பிடியில் சொட்டியது. ‘கைப்பிடியைத் துடைத்து வைக்கவும்’ என்று அதில் ஒரு விளக்கு எரிந்தது. எழவெடுத்த கைப்பிடி.

நிமிர்ந்து பார்த்தால், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக அவரவர் சீட்டில் இறங்கி, கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிமகுடம் தியேட்டரில் மின்விசிறிச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். பால்துரை துண்டால் மூக்கைத் துடைத்தான்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் கத்தியது. நான் என்னுடையதைப் பார்த்தேன். ‘இந்தப் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை.’ சரி, எதிர்பார்த்ததுதான். எல்லாம் முடிந்தது, தனத்தை இனி ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் பால்துரை முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா… எனக்கும் புடிக்கலையாம்.”

“எனக்கும்” என்றான் சட்டை இல்லாதவன். “எனக்கும்” என்றான் அவன் சட்டையை வைத்திருந்தவன். தியேட்டர் முழுக்க அதே பேச்சு. ஒருத்தருக்குக்கூடச் சான்று இல்லை. திவாகரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

“நின்னுக்கிட்டு இருந்த நேரமெல்லாம் கணக்குல வராது சார்” என்றான் அவன், பாவம், வியர்த்து வழிய. “நீங்க உக்காந்தது கடைசி சீனுக்கு மட்டும்தான். அதுல எல்லாருக்கும் நாடி எறங்கிருக்கு. பாருங்க, எழுபத்தி ஒண்ணு, எழுபத்தி மூணு… மேடத்துக்கு இருக்கற மாதிரியே எல்லாருக்கும்.”

“நான் அழுதேன்யா!” என்று பால்துரை இல்லாத குரலில் கத்தினான்.

“மனசு எளகி அழுதா நாடி எறங்கும் சார். சலிச்சாலும் எறங்கும். மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்ப எகிறுறது?”

“சந்தோஷம்னா எகிறும் மேடம்.”

“பயந்தா?”

“பயந்தாலும் எகிறும்.”

“அப்ப போன பாகத்துல தனம் பாலத்துல தொங்குனப்ப ஊரே எகிறுச்சே, அது ஆசையில எகிறுச்சா தம்பி? ஐயோ, விழுந்துறக் கூடாதேன்னு எகிறுச்சு. அதை வச்சா அவளைக் கொல்லச் சொல்றீங்க?”

பால்துரை முந்திக்கொண்டு பேசினான். “நானும் அப்ப கத்துனேன்க்கா. புடி தனம், புடி தனம்னுதான் கத்துனேன்.” பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். “அவ செத்தாத்தான் மாஸுன்னு நான்தானக்கா உங்ககிட்டச் சொன்னேன்.”

திண்டுக்கல் கிளையில் சான்று பெற்ற ரசிகர் ஒருவர்கூட இல்லை என்பதால் எங்கள் கிளையையே கலைத்துவிட்டதாக மறுநாள் தலைமையிலிருந்து உத்தரவு வந்தது. சென்னைக் கூட்டத்துக்கு யாரும் போகவில்லை. கூட்டத்தில் மற்ற ஊர்த் தலைவர்கள் எல்லோரும் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்து பார்த்து, நாடி எகிற எகிற வாங்கிய சான்றை நீட்டினார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. “சினிமாவுல ஒருத்தி சாகறதுக்கா இப்படி?” என்றார் தங்கராசு.

ஆனால் பால்துரை சும்மா இருக்கவில்லை. கடைசி சீனைப் பற்றி எல்லா ஊர் ரசிகர்களிடமும் போனில் சொல்லித் தீர்த்துவிட்டான். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ‘ஓட்டு வீடா? எந்த ஓட்டு வீடு?’ என்று கேட்டார்கள். மதுரையில் அந்த சீன் ஓடவில்லை, கரூரில் ஓடவில்லை, சென்னையில் ஓடவே இல்லை. கைப்பிடியில் கை வைத்திருந்தவர்களின் நாடி நன்றாக எகிறியதால், மெஷினுக்கு எந்த ஊரிலும் அவ்வளவு அடிக்குப் போக வேண்டிய அவசியம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜமால் பாய் கடைக்கே வந்துவிட்டார். “தங்கச்சி, வெளியூர்ல இருந்து வேன் போட்டு வந்திருக்காக. அந்த சீனு வேணுமாம். நீங்க இல்லாம அது வர மாட்டேங்குது.” தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். இந்தத் தடவை பால்துரை நடு வழியில் நின்று ஏற்பாடாகவே செய்தான். “எல்லாரும் எந்திரிங்க! படம் முழுக்க நிக்கணும்! அக்கா மட்டும் உக்காருவாங்க!” மூன்று என்ட்ரி, எல்லாச் சண்டையும், எல்லாப் பாட்டும் கடந்து மெஷின் தோற்றுப்போய், தனம் மாவு வாளியோடு வந்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். ஒரு வாரம் தங்கராசுவைக்கூட இழுத்துப் போனேன். கடைசி சீன் முடிந்ததும், “பக்கத்துல படுத்துக்கறதெல்லாம் ஒரு சீனா?” என்றார். ஆனால் வீடு திரும்புகையில் ரோட்டைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் என் பக்கத்து சீட்டில் தொப்பியும் முகக் கவசமுமாக ஒரு ஆள் வந்து நின்றார். நன்றாகத்தான் ஆடினார், விசில் மட்டும் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. கடைசி சீனுக்கு உட்கார்ந்தவர், தனம் முந்தானையை விரித்ததும் தேம்பித் தேம்பி அழுதார். நான் என் துண்டைக் கொடுத்தேன். விளக்கு எரிந்தது, அவர் போன் கத்தியது. எடுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“எனக்கும் படம் புடிக்கலையாம்மா” என்று முகக் கவசத்தைக் கழற்றினார்.

ஆத்தாடி! பொற்செழியன்!

“இந்த சீனை எடுத்தப்பவே வேணாம்னு எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டாங்க” என்றார். “சும்மா கெடக்கட்டும்னு மெஷினுக்கு அடியில போட்டு வச்சேன். ஸ்கிரீன்ல ஜனங்களோட உக்காந்து இன்னைக்குத்தான் பாக்கறேன். சொல்லுங்க, படம் எப்படி?”

நான் விடுவேனா? வில்லன் சிரிப்பு நீளம், பாலைவனப் பாட்டு தேவையே இல்லை, கப்பல் சண்டை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், “தனத்து மேல மட்டும் கை வைக்காதீங்க சார்” என்றேன். பெரிதாக மிரட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன், கெஞ்சலாகத்தான் வந்தது. “அந்த ஆளு பக்கத்துல படுக்க வேற யாரு இருக்கா?”

“உங்க கருத்துக்குச் சான்று இல்லையேம்மா” என்றார்.

“உங்களுக்கும்தான் இல்லை.”

அவர் சிரித்தார். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்று கடைக்கு ஒரு ஆர்டர் வந்தது, பட கம்பெனியிலிருந்து. மூன்றாம் பாகத்துக்குச் சிவப்புத் துண்டு தைக்க வேண்டுமாம், நான் கொடுத்த துண்டையே மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். சங்கிலிக்குப் பழைய அளவுதான். கீழே இன்னொரு அளவு எழுதியிருந்தது, கொஞ்சம் சின்னது, பெண்பிள்ளைக்கு. பேர் ‘தனம்’ என்று போட்டு, ‘கடைசிச் சண்டைக்காட்சி வரை கிழியாமல் இருக்க வேண்டும்’ என்று குறிப்பு. நான் போட்ட கூச்சலில் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பால்துரை ஓடி வந்து பார்த்துவிட்டு, கடை வாசலிலேயே ஒரு குத்தாட்டம் போட்டான். கலைந்துபோன மன்றத்துக்கு இப்போதும் நான்தான் தலைவியாம், அவனே அறிவித்துவிட்டான்.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், ‘எடையிலி-2’ அட்டகாசமான படம். எந்த ஊரில் வேண்டுமானாலும் பாருங்கள், ஆனால் ஒரு தடவையாவது திண்டுக்கல்லில், ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் வந்து பாருங்கள். வந்தால் படம் முழுக்க நின்றுகொண்டே பாருங்கள், ஆடுங்கள், கத்துங்கள். உட்காருகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.